குங்குமத்துக்கு நேரே

கார்த்திகை 4, செவ்வாய்

ராகு காலத்தில் மாரியம்மன் கோயிலில் எலுமிச்சை விளக்கு. திரும்பி வந்தபோது சிறு உற்பத்தியாளர் சங்கத்திலிருந்து தாள் வந்திருந்தது. தை பிறந்ததும் புது விதி வருகிறதாம். தோலில் படுவது, வாயில் படுவது, குழந்தை கையில் எடுப்பது, எந்தச் சாமானானாலும் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். பரிசோதனைச் சீட்டும் வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர்கள் சரக்கு எடுக்க மாட்டார்கள். நம்மைத் தயார்ப்படுத்த வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு வைத்திருக்கிறார்கள்.

இவர் தாளைப் படித்துவிட்டுத் தராசுப் படிக்கல்லுக்கு அடியில் வைத்தார்.

"சாமிக்கு வெக்கற குங்குமத்துக்கு என்ன விதி? நீ போயிட்டு வா பாக்கியம். எழுதறவ நீதான. எனக்கு அங்க போயி உக்காந்தாத் தூக்கம் வந்துரும்."

நான் படித்தது ஐந்தாவது. மீதியெல்லாம் சரக்குக் கட்டி வந்த பழைய பேப்பரிலும் பஞ்சாங்கத்திலும் படித்துக்கொண்டது. வீட்டுக் கணக்கும் பின்கட்டுக் கொட்டகையின் சரக்குக் கணக்கும் கல்யாணமான நாளிலிருந்து என் கையில்தான்.

இருப்பு: மஞ்சள் குங்குமம் இரண்டு டின். அரக்குக் குங்குமம் பதினொரு மூட்டை. சீயக்காய் அரைக்கக் கொடுக்க வேண்டும். உப்பு நிறைவு.

உப்பு, அரிசி, மஞ்சள், குங்குமம் இவற்றுக்கு நேரே நான் 'இல்லை' என்று எழுதுவதில்லை. தீர்ந்துபோனால் 'நிறைவு' என்றுதான் எழுதுவேன். என் அம்மா அப்படித்தான் சொல்வாள். வாயால் 'இல்லை' என்றால் வீட்டை விட்டுப் போய்விடும் என்பாள். அரிசி நிறைஞ்சிருச்சு என்று அவள் சொன்னால் அப்பா பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

கார்த்திகை 7, வெள்ளி

வகுப்பு. சங்கத்து மாடியில் நாற்பது பேர் இருப்பார்கள். நான் ஒருத்திதான் புடவை. பாடம் சொன்னதும் ஒரு பெண்தான், பெயர் நிலோஃபர். ரசாயனம் படித்தவள். முப்பது வயதுகூட இருக்காது. தலையில் முக்காடு, கையில் சாக்பீஸ். ஆண்கள் முதலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் காலை இறக்கிவிட்டார்கள்.

பினாயில் போடுகிற ஆறுமுகம்தான் முதலில் எழுந்தார். "ஏம்மா, என்ற பினாயில யாரும் மூஞ்சிக்குப் பூசறதில்லீங்களே. எனக்கெதுக்கு இது?"

"தரை தொடைக்கறவங்க கைல படுதுங்களே ஐயா."

"அது கைதானுங்களே!"

"உங்க ஊட்ல தொடைக்கறது யாருங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆறுமுகம் உட்கார்ந்துவிட்டார்.

பொம்மைக்குச் சாயம் அடிப்பவர், கொசுவத்தி உருட்டுபவர், சோப்பு ஊற்றுபவர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் போட்டாள். உங்கள் சரக்கில் என்ன இருக்கிறது, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? முதல் பாதிக்கு எல்லோரும் பதில் சொன்னார்கள். இரண்டாவது பாதிக்குத்தான் திணறினார்கள். "கலர்க்காரரு சொன்னாருங்க" என்றவர்களே அதிகம். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், என்னிடம் வருவதற்குள் டீ வந்துவிட்டது.

என்னிடம் பிறகு தனியாக வந்து, "குங்குமம் போடறீங்களாம்மா? பாத்தாலே தெரியுது" என்று என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல பெண்.

கார்த்திகை 8, சனி

தேங்காய் எண்ணெய் வாங்கியது. வேப்பங்கொழுந்து அரைத்தேன். அரிப்பு பரவாயில்லை.

கார்த்திகை 11, செவ்வாய்

சாயக் கடைக்காரர் வந்திருந்தார். அடுத்த டிரம் எப்போது அனுப்பட்டும் என்று கேட்க வந்தவரிடம் இவர் புது விதியைச் சொல்லி, சாயத்தின் பெயரை எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

எங்களிடம் இரண்டு குங்குமம். மஞ்சள் குங்குமம் என்பது கிழங்கு மஞ்சளை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, படிகாரமும் வெண்காரமும் சேர்த்து, நிழலில் காயவைத்து இடிப்பது. மாதக் கணக்கில் ஆகும். நிறம் சற்று மங்கலாக, காய்ந்த ரத்தம் மாதிரி இருக்கும். அரக்குக் குங்குமம் என்பது மாவில் சாயத்தைப் போட்டுக் கலப்பது. காலையில் கலந்தால் மாலையில் பாக்கெட். பளீரென்று இருக்கும், வியர்வையிலும் கலையாது. பதினான்கு வருஷமாக அதுதான் ஓடுகிறது. மாடி எழுப்பியது, பெரியவனைப் படிக்கவைத்தது எல்லாம் அரக்கு. மஞ்சள் குங்குமம் இப்போது இரண்டு கோயிலுக்கும் பழைய வாடிக்கை நாலு வீட்டுக்கும் மட்டும்.

சாயக் கடைக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பேருங்களா? ரெட்டு நம்பர் ஏதோ ஒன்னுங்க. ஆனா ஒன்னும் செய்யாதுங்க. அண்ணி நெத்தியப் பாருங்களேன், கோயல் அம்மனாட்ட! இதவிட என்ன சீட்டு வேணும் உங்களுக்கு?" என்றார்.

இவர் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

கைகழுவும் இடத்தில் புதுக் கண்ணாடி மாட்டட்டுமா என்று இவர் மறுபடி கேட்டார். வேண்டாம் என்றேன். குளித்ததும் பூஜை அறையிலேயே பொட்டு வைத்துக்கொண்டுதான் வெளியே வருகிறேன். விளக்கு வெளிச்சம் போதும். சுமங்கலி வெறும் நெற்றியோடு புருஷன் கண்ணில் படக்கூடாது. அது எனக்கு ஒரு விரதம் மாதிரி.

கார்த்திகை 14, வெள்ளி

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

போன வாரம் கொடுத்த படிவத்தை வீட்டில் நிரப்பிக் கொண்டுபோயிருந்தேன். அச்சில் வார்த்த மாதிரி எழுத்து என்று பக்கத்தில் இருந்த சோப்புக்காரர் சொன்னார். நிலோஃபர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள், என்னுடையதில் நின்றாள்.

"அம்மா… ஈயம்: நிறைவு. பாதரசம்: நிறைவு. ஆர்சனிக்: நிறைவுன்னு போட்டிருக்கீங்களே?"

"ஆமாங்க."

"அவ்ளோ இருக்குதுங்களா?"

"ஐயோ, ஒன்னுகூட இல்லீங்க!"

ஆறுமுகம் காத்திருந்தவர் மாதிரி எழுந்தார். "நிறைவா இருக்குதுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா ஆபீசர் மாலையோட வருவாருங்க அக்கா. கூடவே ஜீப்பும் வரும்!" மாடி முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது.

குங்குமத்தின் பேர் போட்ட தாளில் 'இல்லை' என்று எழுதக் கை வரவில்லை, அதுதான். எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். நிலோஃபர் சிரிக்கவில்லை.

"எங்க ஊட்லயும் அம்மா, அரிசி தீந்துருச்சுன்னு சொல்ல மாட்டாங்க. 'பரக்கத்தா இருக்கு'ம்பாங்க. அத்தா உடனே கடைக்குப் போயிருவாரு" என்றாள். "ஆனா ஆபீசுக்கு அது தெரியாதுங்களே. நீங்க எழுத வேண்டாம், நான் எழுதிக்கறேன். பாவம் வந்தா என்ற கணக்குல போகட்டும்."

சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாக அடித்து 'இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தாள். 'வாசனை சேர்ப்பது' அடித்தாயிற்று. 'பதப்படுத்தும் மருந்து' அடித்தாயிற்று. கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். 'உபயோகித்தவர்கள் யாருக்கேனும் தோலில் மாற்றம் உண்டானதாக அறிந்திருக்கிறீர்களா?' அதற்கு நேரேயும் நான் 'நிறைவு' என்றுதான் எழுதியிருந்தேன்.

"இதுவும் இல்லைதானுங்களேம்மா?" என்று பேனாவை வைத்தாள்.

"அத மட்டும் விட்ருங்க. ஊட்ல கேட்டுட்டு எழுதறேன்" என்று தாளை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு குங்குமத்திலும் ஒவ்வொரு பொட்டலம் கோயமுத்தூர்ப் பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருக்கிறது.

கார்த்திகை 16, ஞாயிறு

இட்லிக்கு ஊறப்போட்டது. அரிசி நிறைவு. இவரே போய் வாங்கி வந்தார்.

கார்த்திகை 28, வெள்ளி. தீபம்

வகுப்பு கிடையாது. வாசலிலும் கொட்டகையிலும் அகல் வைத்தேன். சாயங்காலம் ராசாமணி திரி போட்டுக் கொடுக்க வந்தாள். கொட்டகையில் பாக்கெட் போடுகிற நாலு பேரில் மூத்தவள். எனக்குத் தங்கை மாதிரி. அவள் மகள் மோகனாவை வைகாசியில் சித்தோட்டில் கொடுத்தது. கல்யாணச் சீரில் என் பங்காகப் பித்தளைச் சிமிழ் நிறைய அரக்குக் குங்குமம் வைத்திருந்தேன். 'தெனைக்கும் வெச்சுக்கோணும் சாமி' என்று நான்தான் சொன்னேன்.

ராசாமணி திரியை உருட்டிக்கொண்டே இருந்தாள், எண்ணெயில் போடவில்லை.

"என்ன புள்ள?"

"மோகனாவுக்கு நெத்தியில வெள்ளையாயிருக்குதுங்க்கா. ஒரு காசளவு. பொட்டு வெக்கற எடத்துலயே. அவ மாமியா பாத்துட்டு, வெங்குஷ்டத்த மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டீங்களான்னு கேட்டுப்போட்டாங்க்கா. எங்க பக்கம் ஏழு தலைமொறைல ஆருக்கும் இல்லீங்க்கா. மாப்ள நல்லவருதான், ஆனா அம்மாவ மீறிப் பேச மாட்டாரு. மார்கழி முடிஞ்சு தை பொறந்தாப் புள்ளையக் கொண்டாந்து விட்டுட்டுப் போறம்ங்கறாங்க."

"டாக்டருகிட்டக் காட்டுனீங்களா?"

"தோலு டாக்டரு, நெத்தியில போடறத நிறுத்துங்க, மேல பரவலயான்னு பாப்போம்னாரு. இவங்க கேக்கோணுமே? பொட்டு வெக்காம ஊட்டுக்குள்ள சுத்தறான்னு அதுக்கும் ஏச்சு."

ஒரு விளக்குக்கே மறுபடி மறுபடி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. வழிந்து கோலத்தில் ஓடியதும் ராசாமணிதான், "அக்கா, எண்ண" என்றாள்.

மார்கழி 1, திங்கள்

விடியலில் பெரிய கோலம். கோயிலில் பொங்கல் கொடுத்தார்கள். பூசாரி குங்குமம் நீட்டியதும் தாலியில் வைத்துக்கொண்டேன்.

மார்கழி 5, வெள்ளி

பரிசோதனைச் சீட்டு வந்தது. மஞ்சள் குங்குமத்தில் ஒன்றும் இல்லை. அரக்கிலும் ஈயமோ பாதரசமோ இல்லை. இவர் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். பூந்தி வாங்கி வந்தார்.

வகுப்பில் நிலோஃபரிடம் கேட்டேன். "அப்ப அரக்கு சரிதானுங்களா?"

"ஈயத்தத் தேடச் சொன்னோம், ஈயம் இல்லைன்னு சொல்லிருச்சு. சாயத்தோட பேரு நமக்கே தெரியாதேம்மா, பேரு தெரியாதத எப்படித் தேடச் சொல்றது? கடைக்காரரு ஏதோ ஒரு பேரு எழுதிக் குடுத்தா இந்தப் படிவம் பாஸாயிரும். ஆனா அது தோலுக்கு ஒத்துக்குதான்னு எந்தச் சீட்டுலயும் வராது. வெச்சுக்கறவங்க வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு. அதுக்குத்தான் கடைசிக் கட்டம்."

என் நெற்றியைப் பார்க்கவில்லை அவள். பார்க்காமல் இருந்ததுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது இவர், "கடக்காரரு சாயத்துக்குப் பேரு எழுதி அனுப்பிட்டாரு. அந்தக் கடைசிக் கட்டத்துல 'இல்லை'ன்னு போட்டுக் குடுத்துரு பாக்கியம். ஒரே எழவா இழுத்துட்டுக் கெடக்குது" என்றார்.

போடுகிறேன் என்றேன். பேனாவில் மை தீர்ந்திருந்தது. நாளைக்குப் புதுசு வாங்க வேண்டும்.

மார்கழி 6, சனி

பேனா வாங்கியது.

மார்கழி 9, செவ்வாய்

நேற்று ராசாமணி வந்து இவர் காலைப் பிடிக்காத குறை. ஞாயிற்றுக்கிழமை சித்தோட்டுக்காரர்கள் வருகிறார்களாம், பேசி முடிக்க. பெரியவர்களாக நாங்கள் இரண்டு பேரும் வந்து உட்கார வேண்டுமாம். இவர் வருகிறேன் என்றார். அவள் போன பிறகு, "குங்குமத்தால வந்துதுன்னு டாக்டர் சொல்றாராமா? நம்ம குங்குமத்தயா? உன்ற நெத்தியக் காட்டுனா வாய மூடிக்கப் போறாங்க" என்றார்.

ராத்திரி முழுக்க அதுதான் மனதில்.

இவருடைய சித்தப்பா மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம் ஒரு தடவை, கோபிப் பக்கம். காபி நீட்டிய பெண்ணின் முழங்கையில் வெள்ளைப் புள்ளி. இவர் டம்ளரை வாயில் வைக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வரும் வழியெல்லாம் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அது நடந்து எட்டு வருஷம். எனக்கு நெற்றியில் முதலில் தெரிந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

இன்று விடியக் கோயிலுக்குப் போனேன். அம்மனிடம் கேட்டேன். உன் பேரைச் சொல்லித்தான் விற்றோம், உன் பேரைச் சொல்லித்தான் மறைத்தும் வைத்தேன், இனி நீயே சொல் என்று. அவள் நெற்றியில் எங்கள் மஞ்சள் குங்குமம், அபிஷேகத் தண்ணீரில் கரைந்து மூக்குவரை வழிந்துகொண்டிருந்தது. வழியட்டும் என்று விட்டிருந்தாள். பூசாரி துடைக்கும்போதும் சிரித்தபடியேதான் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சேலை முந்தியை நனைத்துக்கொண்டு இவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, ஒன்னு காட்டோணும்."

முந்தி நெற்றிக்குப் போகும்போதே என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "ஏய்! வெடிஞ்சும் வெடியாம என்னடி பண்றே! குத்துக்கல்லாட்டம் முன்னால உக்காந்திருக்கறேன், பொட்ட அழிக்கறயா?"

"அதுக்கில்லீங்க. பாத்துட்டீங்கன்னா…"

"நான் ஒன்னையும் பாக்க வேண்டாம். கையக் கீழ போடு."

போட்டேன். வாயால் சொன்னேன். "பொட்டு வெக்கற எடத்துல தோல் வெளுத்துக் கெடக்குதுங்க. ஆறு வருசமாச்சு. அது பெருசாக ஆகப் பொட்டையும் பெருசாக்கிட்டு வந்தேனுங்க. மோகனாவுக்கும் அதேதானுங்க. அது நோவு இல்லீங்க. நம்ம அரக்குங்க."

என் மணிக்கட்டை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். தான் பிடித்திருப்பது தெரிந்ததும் விட்டார். எழுந்து கொட்டகைக்குப் போனார். சட்டையில் கையைத் துடைக்கிறாரா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேட்டியைத்தான் மடித்துக் கட்டினார்.

மார்கழி 10, புதன்

மிளகு ரசம், பீர்க்கங்காய்த் துவையல். இவர் கொட்டகையிலேயே சாப்பிட்டார்.

மார்கழி 12, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை. கொட்டகையில் கலவை இயந்திரம் ஓடவில்லை. ராசாமணி, "அண்ணன் இன்னிக்குச் சரக்கு வேண்டாம்னுட்டாருங்க்கா, சும்மா மூட்டைகளயே பாத்துட்டு நிக்கறாரு" என்றாள். பழுதாகியிருக்கும் என்றேன்.

மார்கழி 14, ஞாயிறு

ராசாமணி வீடு ஒரே அறை. கயிற்றுக் கட்டிலில் இவரையும் மோகனாவின் மாமனாரையும் உட்காரவைத்தாள். மோகனாவின் மாமியார் பாயில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றாள். மாப்பிள்ளை வாசற்படியில் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. மோகனா அடுப்படியில். தலைமுடியை நெற்றிக்கு இழுத்து விட்டிருந்தாள்.

காபி வந்தது. மாமியார் வாங்கவில்லை. "எனக்கு வேண்டாமுங்க" என்றாள். இவர் அதைப் பார்த்தார். தன் டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். சூட்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது நோவு இல்லீங்க அம்மிணி. என்ற சரக்குங்க" என்றார்.

"என்னதுங்க?"

"குங்குமம். நான் போடற குங்குமம். அதுல ஊத்தற சாயம் சில பேருக்கு ஒத்துக்கறதில்லீங்க. புள்ளைக்கு அதான்."

மாமியார் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, நம்பாத சிரிப்பு. "உங்க கொட்டாயில வேல செய்யறவ மகளுக்காக இப்புடிச் சொல்றீங்களாட்ட இருக்குதுங்க. நல்ல மனசுதான். ஆனா இந்த ஊரு பூராவும் உங்க குங்குமத்தத்தான வெக்கறம்? ஏன், உங்க ஊட்டம்மா தட்டு அகலத்துக்கு வெச்சுட்டு உக்காந்திருக்கறாங்க. அவங்களுக்கு என்ன ஆச்சுங்க?"

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. மோகனா அதை இறக்கக்கூட இல்லை.

நான் இவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் கையைப் பிடித்தவர் சொல்லாமல் நான் முந்தியை எடுப்பதில்லை என்று வைத்திருந்தேன்.

இவர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மூலையில் இருந்த குடத்தில் முனையை நனைத்தார். பிழிந்தார். என் முன்னால் வந்து குனிந்து நீட்டினார்.

"தொடச்சுக் காட்டு, பாக்கியம்."

ராசாமணி, "அண்ணா, வேண்டாமுங்ண்ணா!" என்று கத்திவிட்டாள். மாமியாரும் கையை நீட்டித் தடுத்தாள், "ஐயையோ, சாமி, ஊட்டுக்காரரு இருக்கறப்ப…" என்று.

துண்டை வாங்கித் துடைத்தேன். ஒரு தடவையில் போகவில்லை. அது அப்படிப்பட்ட சாயம். இரண்டாவது தடவையும் தேய்த்தேன்.

எல்லோரும் என்ன பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கே நான் அதைச் சரியாகப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. மாமியார் கிட்டே வந்து குனிந்தாள். மூச்சு நெற்றியில் பட்டது. பிறகு திரும்பி, "மோகனா, இங்க வா" என்றாள். அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முடியை ஒதுக்கினாள். மாமியார் இரண்டு நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எத்தன வருசமாச்சுங்க?"

"ஆறு வருசமுங்க."

"வேற எங்கயாச்சும் பரவுச்சா?"

"இல்லீங்க. வெக்கற எடத்துல மட்டுந்தான்."

"அப்பறம் எதுக்குங்க இத்தன நாளும் அதயே வெச்சுட்டிருந்தீங்க?"

அதற்கு இவர் சொன்னார். "நான் பாத்துருவன்னுதானுங்க."

மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்தான். "டாக்டரு அன்னிக்கே சொன்னாரல்லம்மா." மாமியார், "நீ பேசாத இர்ரா, அன்னிக்குப் பேச வேண்டியவன்" என்றாள். அப்புறம் சுவரை விட்டு நகர்ந்து பாயில் உட்கார்ந்தாள். "அந்தக் காப்பியக் குடு புள்ள, ஆறிப்போயிருக்கும், சுட வெச்சுக் கொண்டா" என்றாள் மோகனாவிடம். எழுந்து போகும்போது மோகனா முடியை மறுபடி இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் கோயில் வாசலில் இவர் வண்டியை நிறுத்தினார். வெறும் நெற்றியோடு எப்படி வருவது என்று நின்றேன். உள்ளே போய் ஒரு சிட்டிகை மஞ்சள் குங்குமம் வாங்கி வந்தார். விரலை என் நெற்றிக்குக் கொண்டுவந்தவர், நிறுத்தி, கொஞ்சம் மேலே கொண்டுபோய் வகிட்டில் வைத்தார். பாதி மூக்கில் விழுந்தது.

"சரியா வெக்கத் தெரியல" என்றார்.

"இருக்கட்டுங்க" என்றேன்.

மார்கழி 19, வெள்ளி

வகுப்புக்கு இவரும் வந்தார். தூங்கவில்லை.

படிவத்தைக் கொடுத்தோம். கடைசிக் கட்டத்தில் நான் எழுதியிருந்தது: 'உண்டு. எங்களுக்குத் தெரிந்து இரண்டு பேர். ஒருவர் தயாரிப்பவரின் மனைவி. சரக்கு நிறுத்தப்பட்டது.' நிலோஃபர் படித்துவிட்டு என் வகிட்டைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"ஐயா சம்மதிச்சாருங்களா?" என்றாள் மெதுவாக.

"நான்தானம்மா சொல்லி எழுத வெச்சேன்" என்றார் இவர். அது பாதி உண்மை. இவர் 'ஒருவர்' என்று எழுதினால் போதாதா, 'மனைவி' என்று வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டும் என்றேன்.

ஆறுமுகம் எட்டிப் படித்துவிட்டு இந்தத் தடவை ஜோக் அடிக்கவில்லை. "அக்கா, என்ற ஊட்டுக்காரிக்கும் உள்ளங்கை உரிஞ்சுட்டே இருக்குதுங்க. அது பினாயிலாயிருக்குமா?" என்று கேட்டார். நிலோஃபரைக் கேளுங்கள் என்றேன். கேட்டார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அரக்குச் சாயத்தை வாய்க்காலில் கொட்டக்கூடாது, மூடி ஒட்டி வைத்திருங்கள், வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று நிலோஃபர் சொன்னாள். கடைகளுக்கெல்லாம் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி நானே எழுதினேன். காரணமும் எழுதினேன். கொட்டகை நாலு பேருக்கும் இனி எலுமிச்சை பிழிகிற வேலை. மஞ்சள் குங்குமம் தயாராகச் சித்திரை ஆகும். அதுவரை கை கொஞ்சம் இறுக்கம்தான். ராசாமணி, "எலுமிச்ச பிழிஞ்சா கைப்புண்ணு எரியுமேக்கா" என்றாள். கையுறை வாங்க வேண்டும். அதையும் படிவத்தில் எழுத இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தை 1, செவ்வாய்

பொங்கல் நன்றாகப் பொங்கி வடக்கே வழிந்தது. மோகனாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாமியார் கரும்பு கொடுத்து அனுப்பியிருந்தாள். மோகனா வகிட்டில் மட்டும் குங்குமம் வைத்திருக்கிறாள். டாக்டர், நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாராம். 'பெரீம்மாவுக்குத் திரும்புச்சுன்னா எனக்கும் திரும்பும்' என்கிறாள்.

கைகழுவும் இடத்தில் இவர் கண்ணாடி மாட்டியிருக்கிறார். என் உயரத்துக்கு.

சாய டிரம்மையும் அரக்கு மூட்டைகளையும் போன வாரமே வந்து எடுத்துப் போய்விட்டார்கள். இருப்பு எழுதினேன். பச்சரிசி இரண்டு மூட்டை. வெல்லம் ஒரு மண்டை. உப்பு நிறைவு, இவரிடம் சொல்ல வேண்டும். மஞ்சள் குங்குமம் ஒரு டின், ஊறலில் மூன்று தொட்டி.

அடுத்த வரியில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எழுதாத ஒன்று. அம்மனை நினைத்துக்கொண்டு எழுதினேன்.

அரக்குக் குங்குமம்: இல்லை.